பேரம் பேசத் தெரிந்த பயில்வான்

பள்ளி விடுமுறை நாளில் வீட்டு மூலையில் உட்கார்ந்து கைப்பேசியில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளை அப்படி என்னதான் பார்க்கிறான் என்று எட்டிப் பார்த்ததுண்டா, தாய்மார்களே? பார்த்திருந்தால் ஒரு கணம் திடுக்கிட்டிருப்பீர்கள். எட்டுப் பக்கம் கொண்ட ஒரு கம்பிக் கூண்டு. அதற்குள் அரைக்கால் சட்டையோடு இருவர். குத்துகிறார்கள், உதைக்கிறார்கள், கட்டிப் புரள்கிறார்கள். விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து மறுபடியும் குத்துகிறார்கள். "ஐயையோ, இதென்ன கொலைக்களம்!" என்று கைப்பேசியைப் பிடுங்கி வைத்த அம்மாக்கள் பலர். அப்பாக்களோ, "கொஞ்சம் நகருடா, நானும் பார்க்கிறேன்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அதுவும் நடக்கத்தான் செய்கிறது!

இந்த விளையாட்டுக்கு எம்.எம்.ஏ. என்று பெயர். கலப்புத் தற்காப்புக் கலை என்று தமிழில் சொல்லலாம். குத்துச்சண்டை, மல்யுத்தம், தாய்லாந்து உதைச்சண்டை, ஜப்பானிய ஜூடோ, பிரேசில் நாட்டு ஜியு ஜிட்சு எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிய மாதிரி. ஒரு சுற்றுக்கு 5 நிமிடம். சாதாரணப் போட்டி என்றால் 3 சுற்று, பட்டத்துக்கான போட்டி என்றால் 5 சுற்று. எதிரியை மயங்கி விழ வைத்தால் வெற்றி. கழுத்தையோ கையையோ பிடித்து முறுக்கி, அவன் 'போதும்' என்று தட்டிவிட்டாலும் வெற்றி. கண்ணைக் குத்தக்கூடாது, கடிக்கக்கூடாது. நடுவர் கூண்டுக்குள்ளேயே நிற்பார், மருத்துவர் வெளியே காத்திருப்பார். 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் யூ.எஃப்.சி. என்ற பெயரில் முதல் போட்டி நடந்தபோது இத்தனை சட்டதிட்டங்கள் கிடையாது. பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தன.

நமக்கும் இது முற்றிலும் அந்நியச் சரக்கு என்று சொல்வதற்கில்லை. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு 2011 முதல் 'ஒன் சாம்பியன்ஷிப்' என்ற நிறுவனம் இப்போட்டிகளை நடத்தி வருகிறது. கோலாலம்பூர் செந்தூல் வட்டாரத்தைச் சேர்ந்த நம் தமிழ்ப் பிள்ளை அகிலன் தானி, சிறு வயதில் உடல் பருமனோடு போராடியவர், 2017 மே 26-ஆம் தேதி சிங்கப்பூரில் அமெரிக்கரான பென் ஆஸ்கிரனை எதிர்த்துப் பட்டத்துக்கே மோதினார். முதல் சுற்றிலேயே தோற்றார். அப்போது அவருக்கு வயது 21. அந்த வயதில் அந்த மேடையில் ஏறியதே பெரிய காரியம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இந்தத் தடவை நான் சொல்ல நினைப்பது வேறொருவர் கதையை. ஆப்பிரிக்கர். உலகத்திலேயே பலமாகக் குத்தக்கூடியவர் என்று பெயர் வாங்கியவர். அவருடைய குத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த மனிதர் கூலி விஷயத்தில் எப்படி நடந்துகொண்டார் என்பதைத்தான் நம் தோட்டத்து வாசகர்கள் கேட்கவேண்டும். கூலி, முன்பணம், ஒப்பந்தம், எசமான் இதெல்லாம் நமக்குத் தெரியாத சங்கதிகளா என்ன?

பெயர் பிரான்சிஸ் இங்கானு. பிறந்தது 1986 செப்டம்பர் 5. ஊர், மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் உள்ள கேமரூன் நாட்டில் பாத்தியே என்னும் கிராமம். சிறு பிள்ளையாக இருக்கும்போதே தாயும் தந்தையும் பிரிந்துவிட்டார்கள். தந்தை ஊரில் அடிதடிக்குப் பேர்போனவர். பையனின் உடல்வாகைப் பார்த்தவர்கள் இவனும் அப்பனைப் போலத்தான் ஆவான் என்றார்களாம். அந்தப் பேச்சு சிறுவனின் மனத்தில் முள்ளாய்த் தைத்துவிட்டது.

பள்ளிக்கூடம் தூரம். நோட்டு வாங்கவும் பணம் கட்டவும் வழியில்லை. பத்து, பன்னிரண்டு வயதில் மணல் குழியில் வேலைக்குப் போனான். பாத்தியே வட்டாரத்தில் மணலை வெட்டி எடுத்துக் கட்டட வேலைக்கு அனுப்புவார்கள். பையன்கள் மண்வெட்டியால் மணலை அள்ளி லோரியில் ஏற்றவேண்டும். காலை முதல் மாலை வரை அதே வேலைதான். நாள் கூலி இரண்டு அமெரிக்க வெள்ளிகூடக் கிடையாது என்று பிற்காலத்தில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உலகமே வியந்த அந்தத் தோளும் முதுகும் எந்த உடற்பயிற்சிக் கூடத்திலும் உருவானவை அல்ல. மணல் வாரி வாரி உரமேறியவை. அம்மாவுக்குத் துணையாகப் பால் வாளி சுமந்து, மங்குத் துடைத்து, பிறகு பள்ளிக்கு ஓடிய நம் பெரியவர்கள் இன்றும் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

மைக் டைசனைப் போல் குத்துச்சண்டை வீரன் ஆகவேண்டும் என்பது அந்தப் பையனின் ஆசை. ஊரார் சிரித்தார்கள். அப்பனிடமிருந்து வந்த பலத்தை அடிதடியில் வீணாக்காமல் நல்ல வழியில் திருப்பவேண்டும் என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான். 22 வயதில்தான் டுவாலா நகருக்குப் போய் முறையாகப் பயிற்சி தொடங்க முடிந்தது. நான்கு ஆண்டு கையில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டு பயின்றும் வழி திறக்கவில்லை. 2012-இல் ஒரு நாள் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டார். கையில் கடப்பிதழ் அனுமதியும் இல்லை, விமானச் சீட்டும் இல்லை.

கேமரூனிலிருந்து நைஜீரியா, அங்கிருந்து நைஜர், பிறகு சஹாரா பாலைவனத்தைக் கடந்து அல்ஜீரியா, அதற்கப்பால் மொரோக்கோ. லோரியின் பின்புறத்தில் ஆட்களை மூட்டைபோல் அடுக்கிக்கொண்டு போவார்கள். பாலைவனத்தில் விழுந்தவனுக்காக வண்டி நிற்காது. மொரோக்கோவில் காட்டில் ஒளிந்து கிடந்து, இரவில் சந்தைக்குப் போய்க் குப்பைத் தொட்டியில் கைவிட்டுச் சாப்பாடு தேடியிருக்கிறார். ஒரு தக்காளிக்காக எலியோடு மல்லுக்கு நின்ற கதையை அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்பவர்களால்தான் சிரிக்க முடிவதில்லை.

மொரோக்கோவின் ஓரத்தில் மெலில்லா என்று ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அதைச் சுற்றி முள்கம்பி வேலி. ஏறிப் பார்த்தார், உடம்பு கிழிந்ததுதான் மிச்சம். கடல் வழியாகவும் முயன்றார். ஒவ்வொரு தடவையும் பிடித்துக்கொண்டு போய்ப் பாலைவனத்து எல்லையில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து நடந்தே திரும்பி வருவார். ஆறு தடவை தோற்று, ஏழாவது தடவை காற்றடைத்த ரப்பர் படகில் சிலரோடு கடலில் இறங்கி, செஞ்சிலுவைச் சங்கத்தாரின் கண்ணில் பட்டுக் கரை சேர்ந்தார். கரை சேர்ந்ததும் மாலை மரியாதையா கிடைத்தது? அனுமதியின்றி நுழைந்ததற்காக இரண்டு மாதம் காவலில் அடைத்தார்கள்.

வெளியே வந்தவர் 2013-இல் பாரிஸ் நகரை அடைந்தார். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. வாகனம் நிறுத்தும் கட்டடத்தில் படுத்துக்கொண்டு, பகலில் குத்துச்சண்டைக் கூடங்களைத் தேடி அலைந்தார். ஃபெர்னாண்ட் லோப்பெஸ் என்ற பயிற்சியாளர் நடத்திய 'எம்.எம்.ஏ. ஃபேக்டரி' என்ற கூடம் கடைசியில் கதவைத் திறந்தது. லோப்பெஸும் கேமரூன் மண்ணைச் சேர்ந்தவர்தான். கட்டணம் வாங்காமல் பயிற்சி கொடுத்தார், இரவில் கூடத்திலேயே படுத்துக்கொள்ளவும் விட்டார். எம்.எம்.ஏ. என்றால் என்னவென்றே இங்கானுவுக்கு அதுவரை தெரியாது! குத்துச்சண்டைதான் வேண்டும் என்று அடம்பிடித்தவரிடம், உன் உடம்புக்கு இதில் சீக்கிரம் சம்பாதிக்கலாம் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தார்கள். 2013 நவம்பரிலேயே முதல் போட்டி. வெற்றி. 2015 டிசம்பர் 19-இல் அமெரிக்காவில் யூ.எஃப்.சி. கூண்டுக்குள் கால் வைத்தார். வாகனம் நிறுத்தும் கட்டடத்தில் படுத்திருந்தவர் இரண்டரை ஆண்டில் உலகத்தின் மிகப் பெரிய கூண்டில்!

இங்கே கொஞ்சம் நின்று சம்பளக் கணக்கைப் பார்த்துவிடுவோம். நம் பிள்ளைகள் காணொளியில் பார்ப்பது பட்டத்தையும் வெளிச்சத்தையும்தான். சம்பளச் சீட்டை யாரும் காட்டுவதில்லை.

அந்தக் காலகட்டத்தில் யூ.எஃப்.சி.யில் புதிதாகச் சேரும் வீரருக்குப் பெரும்பாலும் வந்து சண்டை போட்டதற்கு 10,000 அமெரிக்க வெள்ளி, வென்றால் மேற்கொண்டு 10,000. தோற்றால் அந்த இரண்டாவது பத்தாயிரம் கிடையாது. 'ஆஹா, பத்தாயிரமா!' என்று வாய் பிளக்கவேண்டாம். ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ சண்டைதான் கிடைக்கும். அதில் பயிற்சியாளருக்கு ஒரு பங்கு, மேலாளருக்கு ஒரு பங்கு, இரண்டு மூன்று மாதப் பயிற்சிச் செலவு, மருத்துவப் பரிசோதனை, வரி. மீதி என்ன நிற்கும் என்று நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள். இந்த நிறுவனத்தின் கணக்குகள் பின்னாளில் நீதிமன்றத்துக்கு வந்தபோது தெரிந்த சங்கதி இது: வருமானத்தில் வீரர்களுக்குப் போனது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். அமெரிக்காவின் கூடைப்பந்து, கால்பந்து வீரர்களுக்கு அவரவர் சங்கம் பேசி வாங்கிக் கொடுத்திருப்பது ஏறக்குறையப் பாதி.

வித்தியாசம் எங்கே வந்தது? அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. கூண்டில் சண்டை போடுகிறவர்களுக்கு இல்லை. இவர்கள் நிறுவனத்தின் தொழிலாளர்களே அல்ல, தனித்தனி ஒப்பந்த ஆட்கள் என்பது ஏட்டிலுள்ள கணக்கு. ஆகவே நம் ஊரில் இருப்பதுபோல் சேமநிதி இல்லை, சொக்சோ மாதிரியான பாதுகாப்பும் இல்லை. சண்டையிலும் பயிற்சியிலும் அடிபட்டால் அதற்கு மட்டும் காப்பீடு உண்டு. பெண்டாட்டி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவரவர் கைக்காசு. ஓய்வு பெற்ற பிறகு தலைவலியும் மறதியும் வந்தால் அதுவும் அவரவர் பாடு. ஆனால் அதே ஒப்பந்த ஆள் வேறொரு நிறுவனத்தின் மேடையில் ஏறக்கூடாது. கூண்டுக்குள் தனக்கு வேண்டிய விளம்பரத்தை அணியவும் 2015-க்குப் பிறகு அனுமதி இல்லை. வேலை செய்கிறபோது காண்ட்ராக்ட் ஆள், விட்டுப் போக நினைக்கிறபோது சொந்த ஆள்! நல்ல ஏற்பாடு.

இங்கானுவின் கதைக்குத் திரும்புவோம். முதல் இரண்டு ஆண்டு எதிர்த்தவர்களையெல்லாம் சாய்த்துக்கொண்டே வந்தார். 2017 டிசம்பர் 2-ஆம் தேதி டெட்ராய்ட் நகரில் அலிஸ்டர் ஓவரீம் என்ற பெரிய வீரரின் தாடையில் இடது கையால் கீழிருந்து மேலாக ஒரு குத்து விட்டார். ஓவரீமின் தலை பின்னுக்குச் சாய்ந்த விதத்தைப் பார்த்த எவரும் மறக்கமாட்டார். ஊரெல்லாம் அதே பேச்சு. நிறுவனமும் இனி இவர்தான் அடுத்த சாம்பியன் என்று முரசு கொட்டியது.

கொட்டிய முரசு கிழிந்தது 2018 ஜனவரி 20-ஆம் தேதி, பாஸ்டன் நகரில். எதிரே நின்றவர் ஸ்டீப்பே மியோச்சிச். அவர் யார் தெரியுமா? உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்துகொண்டே ஒஹாயோ மாநிலத்தில் தீயணைப்பு வேலையையும் விடாமல் பார்த்துவந்தவர். (சம்பளக் கணக்கைப் பற்றி மேலே சொன்னேனே, அதை இதோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.) முதல் சுற்றில் ஆவேசமாகக் குத்தித் தீர்த்த இங்கானுவுக்கு அதற்குப் பிறகு மூச்சே இல்லை. மியோச்சிச் பொறுமையாகக் காலை வாரி வாரித் தரையில் அழுத்தினார். ஐந்து சுற்றும் முடிந்தபோது தோல்வி ஏகமனதான தீர்ப்பு.

அதைவிட மோசமானது ஜூலையில் நடந்தது. டெரிக் லூயிஸ் என்பவரோடு மோதல். 15 நிமிடம் இருவரும் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இருவரும் சேர்ந்து உருப்படியாக விட்ட அடி 31. அதில் இங்கானுவுடையது 11. பார்வையாளர்கள் கூச்சல் போட்டார்கள். தோல்வி. முந்திய சண்டையின் பயத்தைச் சுமந்துகொண்டு இந்தச் சண்டைக்கு வந்துவிட்டேன் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். சஹாராவைக் கடந்தவருக்கும் பயம் வரும். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பிறகு எழுந்தார். 2018 நவம்பர் முதல் 2020 மே வரை நான்கு சண்டை. நான்கையும் சேர்த்தாலும் மூன்று நிமிடம் ஆகவில்லை! ஒன்று 20 விநாடியில் முடிந்தது. இதற்கிடையில் மல்யுத்தத்தை அடியிலிருந்து கற்றுக்கொண்டார், மூச்சை மிச்சம் பிடிக்கவும் பழகினார். 2021 மார்ச் 27-ஆம் தேதி லாஸ் வேகாஸ் நகரில் மறுபடியும் மியோச்சிச். கோவிட் காலம், பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. இரண்டாம் சுற்றின் 52-வது விநாடியில் சாம்பியன் தரையில் கிடந்தார். மணல் குழிப் பையன் உலக ஹெவிவெயிட் சாம்பியன்! பட்டத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பாத்தியேவுக்குப் போனபோது ஊரே தெருவில் திரண்டது. தாம் மணல் வாரிய அதே குழிக்கும் போய் நின்றார். அந்த ஊரில் பிள்ளைகளுக்காக ஒரு பயிற்சிக் கூடமும் அமைத்துக் கொடுத்திருக்கிறார்.

சாதாரணமாக இந்த இடத்தில் 'உழைப்பால் உயர்ந்தார்' என்று கதையை முடித்துவிடுவார்கள். எனக்கோ கதை இங்கேதான் தொடங்குகிறது.

அவருடைய ஒப்பந்தத்தில் சாம்பியன்களுக்கென்று ஒரு ஷரத்து இருந்தது. பட்டம் கையில் இருக்கும்போது ஒப்பந்தம் முடிந்தால், அது தானாகவே மேலும் நீளும். அதாவது சந்தையில் உங்கள் விலை உச்சத்தில் இருக்கும்போது நீங்கள் வெளியே போக முடியாது. விலை இறங்கியபின் தாராளமாகப் போகலாம்! கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறி, கடன் தீரும்வரை தோட்டம் மாற முடியாமல் கிடந்த நம் முன்னோர் நினைவுக்கு வருகிறார்களா? அவர்கள் பட்டினிக்குப் பயந்து கைநாட்டு வைத்தார்கள். இவர்கள் புகழுக்கு ஆசைப்பட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். இரண்டு பேரும் கடைசிப் பக்கத்தைப் படிக்கவில்லை.

நிறுவனம் புதிய ஒப்பந்தத்தை நீட்டியது. முன்னைவிடப் பெரிய தொகைதான். இங்கானு கையெழுத்துப் போடவில்லை. கேட்டது பணம் மட்டும் என்றால் பேரம் எப்போதோ படிந்திருக்கும். அவர் வேறு சிலவும் கேட்டார்: வீரர்கள் எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும், விளம்பரதாரரைத் தாமே தேடிக்கொள்ளும் உரிமை வேண்டும், நிர்வாகம் கூடிப் பேசும்போது வீரர்கள் சார்பில் ஒருவர் உட்கார்ந்திருக்கவேண்டும். அதாவது தனக்குக் கிடைத்த மரத்தடியில் மற்றவர்களுக்கும் கொஞ்சம் நிழல் கேட்டார்.

இந்த இழுபறிக்கு நடுவே 2022 ஜனவரி 22-ஆம் தேதி கலிஃபோர்னியாவின் அனாஹைம் நகரில் பட்டத்தைக் காக்கும் சண்டை. ஒப்பந்தத்தின் கடைசிச் சண்டை அது. எதிரி சிரில் கான், அதே பாரிஸ் கூடத்தில் பழகியவர். எதிர்மூலையில் நின்ற பயிற்சியாளர் வேறு யாருமில்லை. படுக்க இடம் கொடுத்த அதே லோப்பெஸ்! அவர்களுக்குள் மனஸ்தாபம் வந்து பிரிந்திருந்தார்கள். போதாக்குறைக்குப் பயிற்சியின்போது இங்கானுவின் வலது முழங்காலில் தசைநார் கிழிந்துவிட்டது. மருத்துவர்கள் வேண்டாம் என்றார்கள். விலகினால் ஒப்பந்தக் காலம் மேலும் நீளக்கூடும். தோற்றால் பேரம் பேசும் பலமே போய்விடும். முழங்காலைக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

முதல் இரண்டு சுற்றும் கானுக்கு. உலகத்திலேயே பலமான குத்து என்று பேர் வாங்கியவர் மூன்றாம் சுற்றில் குத்தை மறந்தார். கானை அலாக்காகத் தூக்கித் தரையில் போட்டார். மறுபடியும் தூக்கினார், மறுபடியும் போட்டார். ஐந்தாம் சுற்றின் முடிவில் தீர்ப்பு இங்கானு பக்கம். வழக்கமாகச் சாம்பியனின் இடுப்பில் பட்டத்தைக் கட்டிவிடும் நிறுவனத் தலைவர் அன்றைக்குக் கூண்டுக்குள் வரவில்லை. வேறொரு அதிகாரி கட்டிவிட்டார். அன்றைய கூலியாக அறிவிக்கப்பட்ட தொகை 6 லட்சம் அமெரிக்க வெள்ளி. நமக்கு அது மலை. ஆனால் அதே காலத்தில் குத்துச்சண்டையின் ஹெவிவெயிட் சாம்பியன்கள் ஒரே இரவில் பல கோடி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மார்ச்சில் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை. பிறகு அவர் செய்த காரியம் மிகவும் எளிமையானது, மிகவும் கடினமானதும்கூட. சும்மா இருந்தார். ஒப்பந்தக் காலம் 2022-இன் கடைசியில் தானாகக் காலாவதியாகும் வரை ஒரு சண்டையும் போடாமல், கையெழுத்தும் போடாமல் காத்திருந்தார். சண்டைக்காரனுக்குச் சண்டையில்லாத ஓராண்டு என்பது பால்மரம் வெட்டுகிறவனுக்கு ஓராண்டு மழை பெய்தது மாதிரி. வயது 36. பணத்தை வேண்டாம் என்கிறானே, பைத்தியமா என்று பலர் பேசினார்கள். 2023 ஜனவரியில் நிறுவனம் அவரை விடுவித்துப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டது. தோற்காமலே சாம்பியன் பட்டம் போயிற்று.

போனால் போகட்டும்! அதே ஆண்டு மே மாதம் பி.எஃப்.எல். என்ற போட்டி நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார். குத்துச்சண்டை போட அதில் தடையில்லை. விளம்பரதாரர் அவர் விருப்பம். அந்நிறுவனம் ஆப்பிரிக்காவில் தொடங்கவிருந்த கிளைக்கு அவரையே தலைவராக்கினார்கள். இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது இன்னொரு நிபந்தனை. தம்மோடு அங்கே மோதும் எதிரிக்குக் குறைந்தது 20 லட்சம் அமெரிக்க வெள்ளி கொடுக்கவேண்டும் என்று எழுதி வாங்கினார். தம்மைக் குத்த வருகிறவனுக்கும் சேர்த்துக் கூலி பேசிய பயில்வானை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

சிறுவயது ஆசை நிறைவேறியது 2023 அக்டோபர் 28-ஆம் தேதி. சவூதி அரேபியாவின் ரியாத் நகரில், தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒரு தடவைகூடக் களம் காணாத இங்கானு, உலகச் சாம்பியன் டைசன் ஃபியூரியோடு மோதினார். இது வெறும் வேடிக்கை என்று எல்லாரும் சொன்னார்கள். மூன்றாம் சுற்றில் இங்கானுவின் இடது கை பாய்ந்தது. ஃபியூரி தரையில் உட்கார்ந்தார்! பத்துச் சுற்று முடிந்து நடுவர்களில் இருவர் ஃபியூரி பக்கமும் ஒருவர் இங்கானு பக்கமும் சொல்ல, மயிரிழையில் தோல்வி. ஆனால் யூ.எஃப்.சி.யில் அத்தனை ஆண்டு சம்பாதித்ததைவிட அந்த ஓர் இரவில் அதிகம் கிடைத்தது என்று அவரே சொன்னார். 2024 மார்ச் 8-இல் ஆந்தனி ஜோசுவாவோடு இரண்டாவது குத்துச்சண்டை. இந்தத் தடவை அதிர்ஷ்டம் சிரிக்கவில்லை. இரண்டாம் சுற்றிலேயே அடி வாங்கி நினைவிழந்து விழுந்தார்.

அந்தக் காட்சியைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு தடவை பாருங்கள் என்பேன். வெற்றிக் காணொளியை மட்டும் பார்த்துவிட்டு 'நானும் கூண்டுக்குள் போகிறேன்' என்று நிற்கிற தம்பிமாருக்கு, ஆறடி நாலங்குல மலை ஒன்று எப்படிச் சரிகிறது என்பதும் தெரியட்டும். மண்டையில் விழும் ஒவ்வொரு அடியும் மூளையில் கணக்கு எழுதுகிறது. போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிலம்பம் சுற்றின பரம்பரை நம்முடையது. உடம்பை வளர்க்கட்டும், தற்காப்புக் கற்கட்டும். ஜீவனமாகவே எடுத்துக்கொள்வதென்றால், படித்து முடித்து, கைவசம் ஒரு தொழிலை வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடுவதற்கு முன் விவரம் தெரிந்தவரிடம் தாளைக் காட்டிவிட்டுப் போகட்டும். பயிற்சிக்குக் கொடுக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கை அந்தத் தாளுக்குக் கொடுத்தால் போதும்.

கேட்டால் கிடைக்குமா என்று ஐயப்படுகிறவர்களுக்கு இன்னொன்று. 2014-இலேயே சில பழைய வீரர்கள் யூ.எஃப்.சி. மீது வழக்குத் தொடுத்திருந்தார்கள். சந்தையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு எங்கள் கூலியை அமுக்கிவிட்டது என்பது புகார். பத்து ஆண்டு இழுத்தது. கடைசியில் 37 கோடியே 50 லட்சம் அமெரிக்க வெள்ளி கொடுக்க நிறுவனம் ஒத்துக்கொண்டு, 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் அதற்கு ஒப்புதல் கொடுத்தது. 2010 டிசம்பர் முதல் 2017 ஜூன் வரை அந்தக் கூண்டில் சண்டை போட்டவர்களுக்குப் போகவேண்டிய பணம் அது. பேர் தெரியாத எத்தனையோ பேர், மூன்று சண்டை போட்டு முழங்கால் போய் வீட்டில் உட்கார்ந்தவர்கள், அவர்களுக்கும் அதில் பங்கு.

இங்கானுவுக்கு மட்டும் 2024 இன்னொரு அடியை வைத்திருந்தது. ஏப்ரல் மாதம், ஜோசுவாவிடம் தோற்று ஏழெட்டு வாரம்கூட ஆகாத நேரத்தில், அவருடைய குழந்தை கோபி இறந்துபோனான். வயது 15 மாதம். பாலைவனத்துக்கும் கடலுக்கும் முள்வேலிக்கும் தாக்குப்பிடித்த மனிதர், இனி சண்டையே வேண்டாமோ என்று யோசிக்கும் நிலைக்கு வந்தார். சில மாதங்கள் கழித்துப் பயிற்சிக்குத் திரும்பினார். அக்டோபர் 19-ஆம் தேதி ரியாத் நகரில், தாம் நிபந்தனை போட்டு வாங்கிய அந்த ஒப்பந்தத்தின் கீழ் முதல் சண்டை. எதிரி பிரேசில் நாட்டு ரெனான் ஃபெரேரா, இவரைவிட உயரம். முதல் சுற்றிலேயே அவரைத் தரையில் சாய்த்துக் குத்தி முடித்தார். நடுவர் நிறுத்தியதும் கையை உயர்த்தவில்லை, துள்ளவில்லை. கூண்டின் தரையில் உட்கார்ந்து அழுதார். இந்தச் சண்டை கோபிக்காக என்று சொன்னார்.